பிள்ளையின் விசுவாசத்துக்கு யார் உத்தரவாதம்?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பதிவு கிடையாது, ஆண்டுத் தேர்வு கிடையாது, அதிகாரி வந்து பார்ப்பதும் கிடையாது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தையும் ஒரு பாடத்திட்டம் வைத்து நேர்மையாகச் சொல்லித்தந்தால் போதும். 1994-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்த கிறிஸ்தவப் பெற்றோரிடம் கேட்டால், இந்த ஐந்தும் தங்களுக்கு இரண்டாம்பட்சம் என்பார்கள். கணக்கு வராவிட்டால் ட்யூஷன் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பொய் சொல்லாமல், இரக்கத்தோடு, தேவனுக்குப் பயந்து வளர வேண்டும், அதற்காகத்தான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லும் தாய்மார்கள் அங்கே ஏராளம்.

இவர்களை மூடநம்பிக்கைக் கூட்டம் என்று ஒதுக்கிவிட நம்மூர்ப் படிப்பாளிகளுக்கு ஒரு நிமிடம் ஆகாது. நான் அப்படி நினைக்கவில்லை. கல்வியின் முதல் நோக்கம் குணம் என்று சொல்லும் துணிவு இன்று எந்தப் பெற்றோருக்கு இருக்கிறது? ஐந்தாம் வகுப்பிலேயே நீட் பயிற்சியில் சேர்த்துவிடும் நாட்டிலிருந்துகொண்டு அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதி இல்லை. அவர்களுடைய நோக்கம் சரி. அந்த நோக்கத்தை விளைச்சலுக்கு உத்தரவாதம் உள்ள ஒரு திட்டமாக மாற்றிக்கொண்ட இடத்தில்தான் பலர் சறுக்கினார்கள். அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். 1999-ல் அமெரிக்காவில் வீட்டில் படித்த பிள்ளைகள் ஏறத்தாழ 8.5 லட்சம். கொரோனா காலத்தில், 2020 வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் இடையில், வீட்டுக்கல்வியில் இருந்த குடும்பங்களின் பங்கு 5.4 சதவீதத்திலிருந்து 11.1 சதவீதத்துக்குப் போனதாக மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை சொன்னது. அவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனால் 2016-ல் அரசு நடத்திய ஆய்வில், வீட்டில் கற்பிக்கும் பெற்றோரில் 67 சதவீதம் பேர் ஒழுக்கப் போதனையை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்; மதப் போதனையைச் சொன்னவர்கள் 51 சதவீதம். பக்தியைவிட ஒழுக்கத்தைச் சொன்னவர்கள் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த இயக்கத்தின் வரலாறு நீளமானது, சுருக்கிச் சொல்லலாம். 1962, 1963 ஆண்டுகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகள் நடத்தும் ஜெபத்தையும் வேத வாசிப்பையும் அரசமைப்புக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது. பல கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பள்ளி அந்நியமாகிப்போனது அப்போதுதான். எழுபதுகளில் ரேமண்ட் மூர், டாரதி மூர் தம்பதியர், சின்னஞ்சிறு பிள்ளைகளை அவசரப்பட்டுப் பள்ளியில் தள்ளாதீர்கள் என்று எழுதினார்கள். கிறிஸ்தவக் குடும்ப ஆலோசகர் ஜேம்ஸ் டாப்சனின் வானொலி நிகழ்ச்சி அவர்களைச் சபைகளுக்கெல்லாம் அறிமுகப்படுத்தியது. மதச்சார்பு இல்லாத ஜான் ஹோல்ட்டும் அதே காலத்தில், வேறு காரணங்களுக்காக, பள்ளியை விட்டு வெளியே வாருங்கள் என்றார். 1983-ல் வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. அடுத்த பத்தே ஆண்டுகளில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமானது. அதற்கு முன்பு இதற்காக நீதிமன்றத்தில் நின்ற பெற்றோர் உண்டு.

ஆனால் இந்த வீட்டுப் பள்ளியின் உண்மையான பாட்டி அமெரிக்காவில் இல்லை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், எப்வொர்த் என்ற ஊரின் குருமனையில் இருந்தார்: சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும், ஆயிரக்கணக்கில் ஞானப்பாட்டுகள் எழுதிய சார்லஸ் வெஸ்லிக்கும் தாய். பெற்ற பிள்ளைகள் 19, தங்கியவை 10. கணவர் சாமுவேல் குருவானவர். கடனுக்காகச் சிறைக்கும் போய்வந்தவர். இந்த நிலையில் அந்த அம்மாள் வீட்டில் பள்ளி நடத்தினார். காலை 9 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை. ஐந்து வயது நிறைந்த மறுநாள் பிள்ளை எழுத்துகளைப் படிக்க வேண்டும்; ஒரே நாளில் எல்லா எழுத்தும். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது என்று 1732-ல் மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் நினைவுகூர்கிறார். எழுத்து முடிந்ததும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம்.

இந்தக் கடிதத்தை வீட்டுக்கல்விப் பெற்றோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். பிள்ளையின் பிடிவாதத்தைச் சிறுவயதிலேயே அடக்கு என்ற பகுதியைத்தான் அதிகம் சொல்வார்கள். என் மனத்தில் நிற்பவை அதிலுள்ள வேறு விதிகள். தவறை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு அடி கிடையாது. ஒரு தவறுக்கு ஒரு முறைதான் தண்டனை. அதைப் பிறகு குத்திக்காட்டக் கூடாது. கொடுத்த வாக்கை நிறைவேற்ற வேண்டும். அடுத்தவர் பொருள் குண்டூசியானாலும் தொடக் கூடாது. பெண்பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்ற பிறகே அவளை வீட்டுவேலைக்கு வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதி எழுதப்பட்டது பதினெட்டாம் நூற்றாண்டின் முன்பகுதியில் என்பதை மறக்கக் கூடாது. நம் வீடுகளில் அடுப்படிக்கும் பாடப்புத்தகத்துக்கும் நடுவே அல்லாடிய அக்காமார்களை நினைத்தால் அதன் அருமை தெரியும்.

அந்தப் பள்ளிக்கு வெளியேயும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது. செவ்வாய் மகள் ஹெட்டிக்கு, வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு. ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரி ஆசிரியராகிவிட்ட பிறகும் ஜான், அந்த வியாழக்கிழமை மாலைகளைப் போல எனக்காகக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள் என்று அம்மாவுக்கு எழுதினார். முப்பதை நெருங்கும் மகன், தன் குணத்தை உருவாக்கியது எது என்று அறிந்து கேட்ட கோரிக்கை அது. அவர் கேட்டது பாடவேளையை அல்ல, தாயின் காதுகளை.

வீட்டின் பலம் இங்கேதான் இருக்கிறது. பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர். பொய் சொன்ன பிள்ளை ஏன் சொன்னான் என்று உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரமில்லை. வீட்டில் தாய்க்கு அது முடியும். விக்டோரியா காலத்து ஆங்கிலக் கல்வியாளர் சார்லட் மேசன் இதை ஒரு முறையாகவே வகுத்தார். 1842-ல் பிறந்தவர், ஆம்பிள்சைடில் 1892-ல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். சிறு பிள்ளைக்குக் குறுகிய பாடவேளை, தினமும் வெளியே நடை, நல்ல புத்தகத்தை ஒரே முறை வாசித்துவிட்டுத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. பார்த்த பூவை, பறவையை வரைந்து எழுதிவைக்க ஒரு நோட்டு. கவனமும் உண்மையும் கீழ்ப்படிதலும் உபதேசத்தால் வருவதில்லை, பழக்கத்தால் வருகின்றன என்பது அவர் கொள்கை. 1984-ல் சூசன் ஷேஃபர் மெக்காலே ஒரு சிறு நூல் எழுதி அவரை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுவந்தார்.

அந்த வீடுகள் பலவற்றில் நோட்டும் நடையும் மட்டும் தங்கின. மேசன் விதித்த எல்லை தங்கவில்லை. பிள்ளை பிறக்கும்போதே ஒரு முழு ஆள் என்பது அவருடைய முதல் கொள்கை. அதிகாரம் இயல்பானது, கீழ்ப்படிதலும் தேவையானது. ஆனால் பயத்தைக் காட்டியோ, பாசத்தைக் காட்டியோ, மறைமுகமாகத் தூண்டியோ பிள்ளையின் ஆளுமைக்குள் அத்துமீற யாருக்கும் உரிமையில்லை என்றார். பாசத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தாரே, அங்கேதான் அந்த அம்மாளின் கூர்மை. “நீ இப்படிச் செய்தால் அம்மா மனசு உடைஞ்சிடும்” என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையை வளைத்த தாய்மார்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள்.

டாலஸ் அருகே என் சித்தி மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒன்றைப் பார்த்தேன். நாகர்கோவில் பெண், மூன்று பிள்ளைகளையும் வீட்டில்தான் படிக்கவைக்கிறாள். காலை இட்லித் தட்டுகளை எடுத்த மேசையில்தான் பாடம். நடுப்பையனுக்குப் பத்து வயது. பின்னக் கணக்குகளை எல்லாம் முடித்துவிட்டேன் என்று கொண்டுவந்தான். எல்லாம் சரி, ஆனால் வழிமுறை ஒன்றுமே இல்லை, விடை மட்டும். விடைப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான். அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இத்தனை வேத வசனம் மனப்பாடம் செய்து என்ன பிரயோஜனம் என்று என் முன்னாலேயே கத்தித் தீர்த்தாள். பையன் முகம் சிவந்து மாடிக்குப் போய்விட்டான். இரவு குடும்ப ஜெபத்தில் பாட்டுப் பாடி, அதிகாரம் வாசித்த பிறகு அவள் சொன்னாள்: “நீ பார்த்து எழுதினது தப்பு. மாமா முன்னாடி நான் உன்னைக் கத்தினதும் தப்பு. மன்னிச்சிருடா.” அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அந்தக் கணக்கைத் திரும்பப் போடணுமா?” என்று கேட்டான். “காலையில முதல் வேலை அதுதான்” என்றாள்.

எந்தப் பாடத்திட்டத்திலும் இந்தப் பாடம் இல்லை. நற்குணம் என்பது பெரியவர்களிடமிருந்து சின்னவர்களுக்கு இறங்கும் சொத்து என்று நினைக்கும் வீட்டில் இந்தக் காட்சி நடக்காது. தாயும் மகனும் ஒரே தேவனுக்கு முன்னால் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் என்று உண்மையாகவே நம்பும் வீட்டில்தான் நடக்கும். கிறிஸ்தவ வீட்டுக்கல்வி தன்னைக் கிறிஸ்தவம் என்று சொல்லிக்கொள்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

சந்தையில் விற்பதோ வேறு. பில் காத்தர்ட் என்ற அமெரிக்கப் போதகர் 1984-ல் தொடங்கிய வீட்டுக்கல்வித் திட்டத்தில் 49 நற்குணங்களின் பட்டியல் இருந்தது. உடை முதல் இசை வரை எல்லாவற்றுக்கும் விதி. அதிகாரத்தில் இருப்பவரின் குடைக்குக் கீழே நின்றால் தீமை அண்டாது என்ற போதனை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வந்தன. பல பெண்கள் பாலியல் சீண்டல் புகார் சொன்னதைத் தொடர்ந்து 2014-ல் அவர் பதவி விலகினார், புகார்களை மறுத்தார். அந்த அமைப்பில் வளர்ந்தவர்கள் பிறகு சொன்னவற்றைக் கேட்டால், 49 குணங்களிலும் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் துணிவுக்கு இடமில்லாமல் போனது எவ்வளவு பெரிய குறை என்று விளங்கும். மேலே இருப்பவர் தவறு செய்யும்போது, கீழே நிற்கும் பிள்ளைக்கு வேண்டிய குணம் அந்தத் துணிவு ஒன்றுதான்.

இன்னொரு பக்கம் பயிற்சி ஏடுகள். ஆக்சலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன் என்ற திட்டம் 1970-ல் டெக்ஸாஸில் தொடங்கியது. பிள்ளை தனியாக உட்கார்ந்து ஏட்டைப் படித்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, தானே திருத்திக்கொண்டு அடுத்த ஏட்டுக்குப் போவான். கணக்கோ அறிவியலோ, இடையிடையே வசனமும் நற்குணமும் வரும். பொறுமை என்ற சொல்லைக் கோட்டின் மேல் எழுதத் தெரிந்த பிள்ளை, தம்பி பென்சிலைப் பிடுங்கும்போது என்ன செய்கிறான் என்பதை அந்த ஏடு பார்க்காது. தாய் பார்ப்பாள். அவள் வேலையை ஏட்டிடம் ஒப்படைத்துவிட்டால், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டதற்குப் பொருளே இல்லை.

இனி உத்தரவாதத்துக்கு வருகிறேன். பிள்ளையை நல்வழியில் பழக்கினால் முதுமையிலும் அதை விட்டு விலகமாட்டான் என்ற நீதிமொழிகள் 22-ம் அதிகாரத்தின் கருத்தை, கையெழுத்திட்ட பத்திரம்போல நீட்டும் பேச்சாளர்கள் வீட்டுக்கல்வி மாநாடுகளில் உண்டு. நீதிமொழிகள் உலக அனுபவத்தின் திரட்டு. பொதுவாக நடப்பதைச் சொல்லும் நூல். அதே வேதாகமத்தில் ஆசாரியன் ஏலியின் பிள்ளைகள் கர்த்தரின் பலியையே அவமதிக்கிறார்கள். அவன் வீட்டில் வளர்ந்த சாமுவேல் தீர்க்கதரிசி ஆகிறான். ஆனால் சாமுவேலின் பிள்ளைகள் நீதிபதிகளாகி லஞ்சம் வாங்குகிறார்கள். தீமோத்தேயுவுக்கோ பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும் விசுவாசம் வந்தது, தகப்பன் கிரேக்கன். இந்தக் கதைகளில் விதி ஒன்றும் கிடைப்பதில்லை.

ஜோஷுவா ஹாரிஸை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வீட்டுக்கல்வி இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான கிரெக் ஹாரிஸின் மகன், வீட்டில் படித்தவர். திருமணத்துக்கு முன் காதல் பழக்கமே வேண்டாம் என்று இளம் வயதில் எழுதி 1997-ல் வெளியிட்ட நூல் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பெரிய சபைக்குப் போதகரானார். 2018-ல் அந்த நூலின் விற்பனையையே நிறுத்தச் சொன்னார். 2019-ல், நான் இப்போது கிறிஸ்தவன் அல்லன் என்று அறிவித்தார். இதைக் கேட்டுப் பலர் வீட்டுக்கல்வி தோற்றது என்றார்கள்; சிலர் தகப்பன் எங்கேயோ கோட்டைவிட்டார் என்றார்கள். தன் பேரில் விற்பனையாகிக்கொண்டிருந்த நூலை, அதனால் காயப்பட்டவர்களின் பேச்சைக் கேட்டுத் திரும்பப் பெற்றது ஒரு குணம். விசுவாசத்தை இழந்த மகனிடம் அந்தக் குணம் இருந்தது. அதை அவர் எங்கே கற்றார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எப்வொர்த்துக்கே திரும்பிப் போனாலும் கதை இதுதான். செவ்வாய்க்கிழமைப் பிள்ளை ஹெட்டி, எல்லோரிலும் கெட்டிக்காரி. சின்ன வயதிலேயே கிரேக்க மொழியில் புதிய ஏற்பாடு வாசித்தவள் என்பார்கள். நல்ல கவிதைகள் எழுதினாள். 1725-ல் ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போய், ஏமாந்து, கர்ப்பிணியாகத் திரும்பினாள். படிப்பு வாசனையே இல்லாத குழாய் வேலைக்காரர் ஒருவருக்குத் தகப்பன் அவளை அவசரமாகக் கட்டிவைத்தார். பெற்ற குழந்தைகள் பச்சிளம் பருவத்திலேயே இறந்தன. மன்னிப்புக் கேட்டு அவள் எழுதிய கடிதங்கள் தகப்பனின் மனத்தை அசைக்கவில்லை. மறு ஆண்டு ஜான், அன்பையும் இரக்கத்தையும் பற்றிப் பிரசங்கம் செய்தார். அது தன்னைக் குத்திச் சொன்னது என்று தகப்பன் சாமுவேல் கோபித்துக்கொண்டார். ஒழுங்குக்கும் பக்திக்கும் பேர்போன வீட்டில், கிறிஸ்துவின் குணம் மிகவும் தேவைப்பட்ட நாளில், அது குருவானவரிடம் இல்லை. வியாழக்கிழமைப் பிள்ளையிடம் இருந்தது. தப்பிப்போன மகளை அந்த வீடு எப்படி நடத்தியது என்பதை விட்டுவிட்டு, ஐந்து வயதில் ஒரே நாளில் எழுத்துப் படித்த கதையை மட்டும் மாநாடுகளில் சொல்வது நியாயமாகாது. லூக்கா 15-ல் வரும் தகப்பன், பங்கைப் பிரித்துக் கொடுத்து மகனைப் போகவிட்டவன். அவன் அப்படிச் செய்ததால் விசுவாசம் குறைந்தவன் என்று யாரும் பிரசங்கிப்பதில்லை.

நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. தஞ்சை மன்னர் துளஜா 1787-ல் மரணப் படுக்கையில், தத்துப் பிள்ளை சரபோஜியைக் காக்கும்படி ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸைக் கேட்டுக்கொண்டார். ஸ்வார்ட்ஸ் அந்தப் பிள்ளையின் கல்விக்கும் உரிமைக்கும் அரணாக நின்றார். திருநெல்வேலியிலிருந்து அவர் அழைத்துவந்து படிக்கவைத்த வேதநாயகம், பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் ஆனார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்து, சரஸ்வதி மகாலை வளர்த்து, கற்றோரைப் போற்றி ஆண்டார்; தன் குருவுக்கு ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற சிற்பியைக் கொண்டு பளிங்கு நினைவுச்சின்னம் செய்வித்தார். மதம் மாறாத மாணவனால் ஸ்வார்ட்ஸின் ஊழியம் தோற்றது என்று சொல்ல முடியுமா? தன் விசுவாசத்தை அவர் ஒரு நாளும் மறைக்கவில்லை. அதை ஏற்காத பிள்ளையைக் கைவிடவும் இல்லை.

இத்தனை குறைகள் சொன்னாலும், வீட்டுக்கல்வியையே தடைசெய்ய வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனி அதைத் தடைசெய்திருக்கிறது, அந்தத் தடையை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-ல் ஏற்றுக்கொண்டது. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் எலிசபெத் பார்தலெட் 2020-ல், தகுந்த காரணம் காட்டும் பெற்றோருக்கு மட்டும் அனுமதி என்ற யோசனையை முன்வைத்தார். பிள்ளையை வளர்க்கும் உரிமையைப் பெற்றோர் அரசிடம் கைகட்டி நின்று வாங்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் பென்சில்வேனியாவில் குறிப்பிட்ட வகுப்புகளில் தேர்வும் ஆண்டுதோறும் வெளியாள் மதிப்பீடும் உண்டு; நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை தர வேண்டும். அங்கும் கிறிஸ்தவப் பெற்றோர் வீட்டில் கற்பிக்கிறார்கள். அவர்கள் விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

வீட்டில் படித்து வளர்ந்தவர்களே 2013-ல் ஒன்றுகூடி, பொறுப்பான வீட்டுக்கல்விக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது, குடும்பத்துக்கு வெளியே உள்ள பொறுப்பான ஒருவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும். பிள்ளை என்ன கற்றிருக்கிறான் என்று யாராவது மதிப்பிட வேண்டும். குழந்தைகளைத் துன்புறுத்தியதாகத் தண்டிக்கப்பட்டவர்கள் வீட்டுக்கல்வி நடத்தக் கூடாது. அவர்கள் கேட்பவற்றில் முக்கியமானவை இவை. சட்டப் பாதுகாப்புச் சங்கமோ இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளைத் தொடர்ந்து எதிர்த்துவருகிறது. கேட்பவர்கள் வெளியாட்கள் அல்லர். அந்தச் சாப்பாட்டு மேசைகளில் உட்கார்ந்து, அந்த வசனங்களை மனப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளைகள். உண்மை பேசு, எளியவனுக்காகக் குரல் கொடு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வீடுகள்தான். அவர்கள் இப்போது அதைத்தான் செய்கிறார்கள் என்றால், அவர்கள் கேட்கும் சட்டத்துக்கு முதல் கையெழுத்து அந்தப் பெற்றோருடையதாக இருக்க வேண்டும். டெக்ஸாஸின் தமிழ்ச் சபைகளில் இருக்கும் பெற்றோரிடமும் இதையே கேட்கிறேன். சென்னையிலும் பெங்களூருவிலும் வீட்டுக்கல்விக்குள் காலெடுத்து வைக்கும் குடும்பங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் சபை மூப்பரல்லாத, உங்களுக்குக் கடமைப்படாத ஓர் ஆசிரியரை இந்த ஆண்டே வீட்டுக்கு அழைத்து, பிள்ளையோடு தனியாகப் பேசவிடுங்கள்.